சொலான்காவின் காற்றுப் பெட்டி

காற்றை விற்றுப் பிழைக்கிற ஊர் சொலான்கா. நாலு பக்கமும் மலை, நடுவில் கிண்ணத்துக்குள் போட்டது போல ஊர். உப்புத் தண்ணீர் ஊற்று, பைன் காடு, இருமிக்கொண்டே வந்து இருமாமல் திரும்பிப் போனவர்களின் கதைகள், எல்லாம் விளம்பரத் தாளில் வண்ணத்தில் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், பள்ளிக்கூடச் சுவரில், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி ஒரு வட்டத் தட்டை மாட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பாகமாகத் தீட்டி, நடுவில் ஒரு முள்ளையும் வைத்து, அந்த முள் குளிர்காலத்தில் அடிக்கடி சிவப்பில் போய் நின்றால் ஊர் சும்மா இருக்குமா?

மாட்டியது கலினா. பதினேழு வயது. கூட்டாளி திமெக், அதே வகுப்பு. கையில் சூடு வைத்துக்கொள்ளாமல் ஒரு கம்பியைக்கூடப் பற்றவைக்கத் தெரியாதவன், ஆனால் பற்றவைத்தது பிரியாது. இவர்களைத் தூண்டிவிட்டது இயற்பியல் ஆசிரியை பானி பியெலாக் (எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பெண்ணைப் பானி என்போம், ஆணைப் பான் என்போம்). அவரிடம் பதில் கேட்டால் கேள்விதான் கிடைக்கும், அதுவும் வட்டியோடு. முதல் வருடம் முதல் வாரமே வகுப்பில் சொல்லிவிட்டார்: "ரெண்டு மூணு பேராச் சேந்து நம்ம ஊரைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. பதில் எந்தப் புத்தகத்துலயும் இருக்கக் கூடாது, ஃபோன்லயும் இருக்கக் கூடாது. ரெண்டு வருஷம் டைம். மார்க்கு கேள்விக்குப் பாதி, வேலைக்குப் பாதி."

"பதிலுக்கு எவ்வளவு, பானி ப்ரொஃபெசர்?" என்றான் திமெக்.

"பதில் வந்துட்டா அப்புறம் மார்க்கு எதுக்குடா?"

ஒரு கூட்டம் பாலத்தடி மீன்களை அளக்கப் போனது. இன்னொரு கூட்டம் ஊற்றுத் தண்ணீரின் நுரை எத்தனை நிமிஷத்தில் செத்துப்போகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்தது. கலினாவுக்குக் கேள்வியைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மா க்ராஜினா விருந்தினர் விடுதி நடத்துகிறவள். எட்டு அறை, பதினாறு கட்டில். குளிர்காலத்தில் வெள்ளை விரிப்புகளைத் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டால், எடுக்கும்போது பொட்டுப் பொட்டாகக் கரி. மறுபடி துவைக்க வேண்டும். அம்மா திட்டுவது விரிப்பை, சோப்பை, சில சமயம் கலினாவை. வானத்தை அவள் திட்டியதே இல்லை. அதனால் கலினா தாளில் எழுதினாள்: எங்கள் ஊர்க் காற்று நிஜமாகவே சுத்தமா?

பெட்டி ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. ரொட்டி கொண்டுபோகிற பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். ஒளிக்கதிர் ஒன்று குறுக்கே பாயும். காற்றில் தூசி இருந்தால் ஒளி சிதறும், சிதறலை ஒரு சில்லு எண்ணும், எண்ணிக்கைக்குத் தக்கபடி வெளியே முள் நகரும். எண்கள் பள்ளியின் இணையப் பக்கத்துக்கும் போய்விடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிசம்பரில் மாட்டினார்கள். மார்ச் முடிவதற்குள் முப்பத்தொரு நாள் சிவப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாவட்ட வானொலிக்காரன் ஒருவன் மைக்கை நீட்டியதும் கலினாவுக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. "எங்க ஊர்க் காத்து விளம்பரத்துல மட்டுந்தான் சுத்தம்," என்று சொல்லிவிட்டாள். மறுநாளே விடுதியில் நுரையீரல் சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் பள்ளிக்கூடம் வரை நடந்துபோய், முள்ளைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"காத்தை விக்கிற ஊர்ல உக்காந்துகிட்டு காத்து கெட்டுப்போச்சுன்னு தட்டு மாட்டிக் காட்டுறியேடி!" என்றாள் அம்மா. "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதையால்ல இருக்கு. அந்த முள்ளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருகி வெச்சா குறைஞ்சா போயிடுவ?"

"முள்ளைத் திருகலாம்மா. விரிப்புல இருக்கிற கரியை எப்படித் திருகுறது?"

க்ராஜினா வாயடைத்துப் போகிற ரகம் இல்லை. ஊர் மன்றத்தில் அவளும் ஓர் உறுப்பினர். "மன்றத்துல இது வரும். வந்தா உனக்கு எதிராத்தான் கை தூக்குவேன். மகளாச்சேன்னு பாக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.

வந்தது. கொண்டுவந்தவர் துணை மேயர் பான் குர்ஜெல். முப்பது வருடம் கொதிகலன் பொறியாளராக இருந்தவர். எதையும் சும்மா பேச மாட்டார், பேசினால் எதிராளியை உட்காரவைத்துவிட்டுத்தான் உட்காருவார். ஏப்ரல் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "இந்தப் பொம்மைக்குப் புகையும் ஒண்ணுதான், மூடுபனியும் ஒண்ணுதான். மலையடிவாரத்துல குளிர்காலத்துல மூடுபனி வராம என்ன வரும்? புள்ளைங்க விளையாடட்டும், வேணாங்கல. ஊர் மானத்தை வெச்சு விளையாட வேண்டாம்."

மன்றம் நவம்பர்க் கூட்டம் வரை அவகாசம் கொடுத்தது. அதற்குள் பெட்டி சொல்வது மெய் என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் பெட்டி இறங்கும். வானொலியில் சொன்னது தவறு என்று கலினா எழுந்து நின்று, மன்றத்தில், ஊர் முன்னால் படிக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் அவளைச் சுட்டது. பெட்டி போனால் இன்னொரு பெட்டி செய்துகொள்ளலாம். சொன்ன சொல் பொய் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டால் அப்புறம் அந்த ஊரில் அவள் எதைச் சொன்னாலும் எடுபடாது.

கோடையில் புகை இல்லை, மூடுபனியும் இல்லை, முள் பச்சையில் படுத்துத் தூங்கியது. செப்டம்பரில் பள்ளி திறந்த வாரம் கலினா பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குளியலறையில் வைத்து, கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டாள். நிலைக்கண்ணாடி வெளுத்தது. புகை என்று ஒரு துளி இல்லை, வெறும் நீராவி.

முள் பச்சையைத் தாண்டியது, மஞ்சளைத் தாண்டியது, சிவப்பில் போய் இடித்து நின்றது.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள் கலினா. அவமானம் காது வரை சூடாக ஏறியது. பான் குர்ஜெல் சொன்னது உண்மை. முப்பத்தொரு நாளில் எது புகை, எது பனி என்று அவளுக்கே தெரியாது. தெரியாமலேயே மைக்கில் பேசியிருக்கிறாள். திமெக்கைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாத," என்றான் அவன் உடனே.

"ஏன்?"

"சும்மா. முதல்ல வாயில வர்றதைச் சொன்னேன்."

மறுநாள் பானி பியெலாக்கிடம் போனார்கள். அவர் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"அப்போ அவர் சொன்னது சரிதானா, பானி ப்ரொஃபெசர்?"

"முழுசும் சரியா, பாதி சரியா?"

"அது எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

வெளியே வந்ததும் திமெக் கதவைப் பார்த்துக் கும்பிடு போட்டான். "இந்தம்மாவுக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கிறாங்க?"

பனித்துளியைக் காயவைத்துவிட்டுத் தூசியை மட்டும் உள்ளே விட வேண்டும்; வேலை இவ்வளவுதான். செருப்புப் பெட்டிகளில் போட்டிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊரெல்லாம் பொறுக்கி வந்து அடைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் உறிஞ்சிக் களைத்துப்போயின. முடி உலர்த்தும் கருவியைக் காட்டினார்கள். அது பனியோடு தூசியையும் ஊதித் தள்ளிவிட்டது. முள் அசையாமல் பச்சையில் நின்றதைப் பார்த்து அரை நாள் ஏமாந்து கூத்தாடினார்கள். பெட்டியையே சூடாக்கினார்கள். டப்பா உருகி ஒரு பக்கம் வாய் கோணியது. ஒரு வாரம் கழித்து, ஈர விரிப்புகளை அம்மா அடுப்பங்கரையில் ஓடும் வெந்நீர்க் குழாய்மேல் சுற்றிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தபோதுதான் கலினாவுக்குப் பொறி தட்டியது. காற்றை ஓர் இடத்தில் சுட வைத்தால் போதாது. நீளமான சூடான குழாய் வழியாக மெதுவாக நடக்கவிட வேண்டும். பெட்டி சின்னது, அதனால் குழாய் சுருண்டிருக்க வேண்டும். செம்பாக இருந்தால் உத்தமம்.

"சுருட்டின செம்புக் குழாய்..." என்று திமெக் தலையைச் சொறிந்தான். "எங்க மாமாகிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா இல்ல."

"இருக்கா, இல்லையா?"

"நீ கேட்டா இருக்கு. போலீஸ் கேட்டா இல்ல."

எங்கள் பக்கத்தில் பிளம் பழத்திலிருந்து சாராயம் காய்ச்சுவது யாருமே செய்யாத தொழில். செம்புச் சுருள் யார் வீட்டிலும் கிடையாது, எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் இருக்கும். மாமா கொடுத்தார். "அறிவியலுக்குத்தானே? நல்லா இருக்கட்டும். பழம் பழுக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்," என்றார். பழம் ஏற்கெனவே பழுத்துவிட்டிருந்தது என்பது திமெக்குக்கும் தெரியும். அந்த வருடம் மாமா ஓர் ஊறல் போடாமலே விட்டார். அதை அவர் தியாகம் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார்.

சுருளைச் சூடாக்க ஒரு மின்சாரக் கம்பளியைப் பிரித்து உள்ளிருந்த கம்பியை எடுத்துச் சுற்றி, இன்னொரு டப்பாவில் புதுப் பெட்டியாகப் பொருத்தினார்கள்.

"நாலாம் நம்பர் ரூம் கம்பளி எங்கடி?" என்று கத்தினாள் க்ராஜினா.

"ஆராய்ச்சியில இருக்கும்மா."

"அங்க ஒரு மனுஷன் பல்லு கிடுகிடுன்னு நடுங்குறாரு, ஆராய்ச்சியாம்! நாளைக்கு அந்தக் கட்டிலையும் தூக்கிட்டுப் போ!"

முதல் இரண்டு நாள் ஆய்வறை முழுக்கப் பிளம் வாசனை. தலைமையாசிரியர் அறிவியலில் அப்படி ஓர் அக்கறையோடு அடிக்கடி வந்துபோனார். மூன்றாம் நாள் வாசனை போனது. புதுப் பெட்டியைக் கொதிக்கிற கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முள் துடித்தது, யோசித்தது, பச்சையிலேயே நின்றது. ஒரு தீக்குச்சியை அணைத்து நீட்டினார்கள். சிவப்பு. மறுபடி கெட்டில், பச்சை. மறுபடி குச்சி, சிவப்பு. நாற்பது தடவை செய்தார்கள். நாற்பதாவது தடவை திமெக் மேசைமேல் ஏறி ஆடினான். பானி பியெலாக் எட்டிப் பார்த்து, "நாப்பத்தொண்ணாவது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் முழுக்கப் பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் பள்ளிக் கூரையில் வைத்தார்கள். பழையது பன்னிரண்டு நாள் சிவப்பு காட்டியது. அதில் ஐந்து நாள் புதியது பச்சை, வெறும் மூடுபனி. மீதி ஏழு நாளும் இரண்டும் சிவப்பு, அதுவும் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை, வீட்டைச் சூடாக்க ஊர் கரியடுப்பு மூட்டுகிற நேரம். கலினா இரண்டையும் ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினாள். குர்ஜெல் பன்னிரண்டுக்கு ஐந்து சரி. அவள் பன்னிரண்டுக்கு ஏழு சரி.

"அஞ்சு நாளைக்கு ஊரை வீணாத் திட்டியிருக்க," என்றாள் அம்மா அறிக்கையைப் படித்துவிட்டு.

"ஏழு நாளைக்கு வீணாத் திட்டலைல்ல?"

க்ராஜினா தாளை மடித்துக் கொடுத்தாள். எல்லாம் கைகூடி வருகிற மாதிரி இருந்தது, நவம்பர் ஒன்றாம் தேதி வரை.

அன்று புனிதர் அனைவரின் திருநாள். ஊர் ஊராகப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து தம் தம் கல்லறைகளைக் கழுவி, பூச்சட்டி வைத்து, கண்ணாடிக் கூண்டு விளக்குகளை ஏற்றுகிற நாள். அந்த வருடம் என்னமோ வெயில் வசந்தகாலம் போல அடித்தது. யாரும் அடுப்பு மூட்டவில்லை. கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காற்று அசையவில்லை, பனியும் இல்லை. கலினா அம்மாவோடு போய் அப்பாவின் கல்லறையில் பன்னிரண்டு விளக்கு ஏற்றினாள், பெரியப்பாவுக்கு ஆறு, யாருமில்லாத மூலைக் கல்லறை ஒன்றுக்கு ஒன்று. இருட்டியபோது குன்று முழுக்க மின்னியது. அவளுக்கு வருடத்தில் பிடித்த நாள் அதுதான். எட்டு மணிவரை நின்றார்கள்.

மறுநாள் காலை திமெக் வாசலிலேயே காத்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. "நேத்து ரெண்டு பெட்டியும் உச்சத்துக்குப் போயிருக்கு. பாரு. போன ஜனவரியில கூட இவ்வளவு வரலை."

பார்த்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மெல்ல ஏறத் தொடங்கி, ஏழு மணிக்கு மலை போல நின்று, விடியும்வரை இறங்கியிருந்தது கோடு. பனி இல்லாத நாள். அடுப்பில்லாத நாள்.

"கெட்டுப்போச்சு," என்றான் திமெக்.

"ரெண்டுமா? ஒரே நேரத்துலயா?"

"அப்போ நீயே சொல்லு!" பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு நாள், கலினா. லீவு நாள். கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லி எடுத்துட்டா யாருக்கும் தெரியாது. நாலு நாள்ல கூட்டம்."

"எனக்குத் தெரியுமே."

"உன்னோட பெரிய தொல்லைடி!"

பெட்டிகளைத் திறந்து துடைத்தார்கள். கெட்டில், குச்சி, கெட்டில், குச்சி. தவறு ஒன்றும் இல்லை. பானி பியெலாக்கும் தாளை வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் தெரியலை," என்றார். கேட்டதற்கு அவர் கேள்வியைத் திருப்பாமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அது இன்னும் பயமாக இருந்தது. கலினா அந்த நாளை அழிக்கவில்லை. விளக்கவும் அவளால் முடியவில்லை. நவம்பர் ஆறாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, புதுப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, தோல்விக்குப் போகிறோம் என்று தெரிந்தேதான் மன்றத்துக்குப் போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பதினைந்து உறுப்பினர்கள் மேசையில், அம்மா இடமிருந்து நாலாவது. கீழே ஊர். கலினா அறிக்கையைப் படித்தாள். ஐந்து நாள், ஏழு நாள் என்று சொன்னபோது சிலர் தலையாட்டினார்கள். அதற்குள் பான் குர்ஜெல் எழுந்தார். கையில் ஒரு தாள், இணையத்திலிருந்து எடுத்தது. அவளுக்கு அதன் கோடு தூரத்திலேயே தெரிந்தது.

"பொண்ணு நேர்மையா எழுதியிருக்கா, பாராட்டுறேன்," என்றார். அது மனதாரச் சொன்னதுதான். "ஆனா ஒரு நாளைப் பத்திப் பேசவே இல்லையே. நவம்பர் ஒண்ணு. பதினேழு டிகிரி. பனி இருந்துச்சா? இல்லை. யாராவது அடுப்பு மூட்டுனீங்களா?"

"இல்லை!" என்றது மண்டபம்.

"ஆனா இந்தப் பொம்மை சொல்லுது, இந்த வருஷத்துலயே ஊர் நாறிப்போன நாள் அதுதானாம்!" சிரிப்பு எழுந்தது. "ஏழு மணிக்கு உச்சமாம்! ஏழு மணிக்கு இந்த ஊர்ல ஒரு புகைபோக்கிகூடப் புகையலை. எப்படிப் புகையும்? வீட்ல ஆள் இருந்தாத்தானே? ஊரே கல்லறைத் தோட்டத்துல நின்னுச்சு!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. திமெக் தரையைப் பார்த்தான். மன்றம் கேட்டபடி எழுதிக்கொண்டு வந்திருந்த மன்னிப்புத் தாளை எடுக்கக் கலினாவின் கை கோட்டுப் பைக்குள் போனது. போன கை பாதியில் நின்றது.

"பான் குர்ஜெல், ஊரேவா?"

"என்ன?"

"ஊரே அங்கதான் நின்னுச்சா?"

"அதைத்தானே சொல்றேன். ஒருத்தர் பாக்கியில்லை!"

"நீங்க எத்தனை விளக்கு ஏத்துனீங்க?"

குர்ஜெல் வாயைத் திறந்தார். மூடினார். பொறியாளர் அல்லவா, அவருக்குத்தான் முதலில் புரிந்தது. மண்டபத்தில் மற்றவர்களுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. கல்லறைத் தோட்டம் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சுவர். அது எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் மெழுகு எரிந்தது, அதுவும் தெரியும். ஆனால் அது எங்களுக்கு வேண்டுதல். வேண்டுதலுக்குப் புகை உண்டு என்று எங்களில் எவனாவது நினைத்திருப்பானா? பானி பியெலாக்கே நினைக்கவில்லை. அடுப்பைத் தேடினோம், பனியைத் தேடினோம், கையில் பிடித்திருந்ததைப் பார்க்கவில்லை.

"இருபத்திரெண்டு," என்றார் குர்ஜெல் மெதுவாக.

"திமெக், எழுது! எத்தனை மணிக்குப் போனீங்க?"

"மூணு மணி இருக்கும்."

மண்டபத்து மூலையிலிருந்த கரும்பலகைக்குத் திமெக் ஓடினான். கலினா மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மத்தவங்களும் சொல்லுங்க. எத்தனை விளக்கு, எத்தனை மணிக்கு?"

பின் வரிசையிலிருந்து ஒருத்தி: "முப்பது. ரெண்டு மணிக்கு."

"பதினெட்டு! நாங்க ஆறு மணிக்கு!"

"எங்க குடும்பம் நாப்பத்தஞ்சு!"

"உங்க குடும்பத்துல செத்தவங்களே அவ்வளவு இல்லையேய்யா!"

"வரப்போறவனுக்கும் சேத்து ஏத்துனேன், உனக்குத்தான்!"

மண்டபம் அமளிப்பட்டது. கைகள் முளைத்தன. திமெக் இரண்டு மணி, மூன்று மணி என்று கட்டம் போட்டு, அந்தந்த மணியில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளின் எண்ணிக்கையை அடுக்கினான். சுண்ணக்கட்டி உடைந்தது, இன்னொன்று எடுத்தான். அங்கே இருந்தவர்கள் மட்டும் ஏற்றியது இரண்டாயிரத்து எழுநூறைத் தாண்டியது. கட்டங்களின் தலையை ஒரு கோட்டால் இழுத்துச் சேர்த்தான். இரண்டு மணிக்கு மெல்ல ஏறி, ஏழு மணிக்கு உச்சியில் நின்றது கோடு. குர்ஜெலின் கையிலிருந்த தாளை வாங்கிப் பக்கத்தில் ஒட்டினான். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"இருங்க," என்றார் குர்ஜெல். சிரிப்பு இல்லாமல், பழைய பொறியாளரின் குரலில் பேசினார். "இது நல்லாருக்கு. ஆனா போதாது. பனியைப் பாத்து ஏமாறாது, விளக்கைப் பாத்தா கண்டுபிடிக்கும்னு என் கண்ணு பாக்கணும். கெட்டில் இருக்கா இங்க?"

கெட்டில் வந்தது. ஒரு கிழவி பையிலிருந்து ஒரு கல்லறை விளக்கை எடுத்து நீட்டினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் யார் பையிலும் ஒன்று இருக்கும். பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். கெட்டில் கொதித்து ஆவி பெட்டியைச் சூழ்ந்தது. மண்டபமே எழுந்து நின்றது. முள் துடித்தது, பச்சையில் நின்றது. ஆவி அடங்கியதும் குர்ஜெல் தன் கையாலேயே விளக்கை ஏற்றி, சுடர் நன்றாகப் பிடித்ததும் பெட்டியருகே நகர்த்தினார். பத்து நொடி ஒன்றுமில்லை. பதினைந்தாவது நொடியில் முள் எழுந்தது. மஞ்சள். சிவப்பு.

மண்டபம் கத்திய கத்தல் ஊற்றங்கரை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓர் ஆள் எழுந்து கைநீட்டினான். "அப்போ எங்க செத்தவங்களுக்கு ஏத்துற விளக்கை விஷம்னு சொல்றியா நீ?"

கலினாவுக்கு அவள் அப்பாவின் கல்லறையில் எரிந்த பன்னிரண்டும் கண்ணில் வந்தன.

"இல்லீங்க. நானும் பத்தொம்பது ஏத்துனேன். அடுத்த வருஷமும் ஏத்துவேன். அது வருஷத்துல ஒரு நாள்." பெட்டியைக் காட்டினாள். "போன மாசம் பனியில்லாமலே ஏழு நாள் சிவப்பு. அந்த ஏழு நாளும் யாரு, யாருக்கு விளக்கு ஏத்துனாங்க?"

அவரவர் புகைபோக்கி அவரவருக்குத் தெரியும். அந்த ஆள் உட்கார்ந்தான்.

பான் குர்ஜெல் நின்றுகொண்டே கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்தார். பிறகு மேயர் பக்கம் திரும்பி, "நான் கொண்டுவந்த தீர்மானத்தை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார். "பெட்டி இருக்கட்டும். ஒண்ணு பத்தாது, தெருவுக்கு ஒண்ணு வேணும். அதைத்தான் ஓட்டுக்கு விடணும்." உட்காரும்போது கலினாவைப் பார்த்தார். "அந்த நாளை நீ அழிச்சிருந்தா நான் உன்னை ஜெயிச்சிருப்பேம்மா."

ஓட்டு எடுத்தார்கள். பெட்டி இருக்க, தெருவுக்கொன்று வைக்க, ஒன்பது கை உயர்ந்தது. குர்ஜெல் கை முதலாவது. எதிராக எத்தனை என்று மேயர் கேட்டபோது ஆறு. இடமிருந்து நாலாவதாக, மகளை நேராகப் பார்த்துக்கொண்டே கை தூக்கியிருந்தாள் க்ராஜினா. ஒன்பதுக்கு ஆறு.

திமெக் கலினாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். பானி பியெலாக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை; இருவரையும் சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டார். பையிலிருந்த மன்னிப்புத் தாளைக் கலினா நாலாகக் கிழித்தாள். கிழித்தது போதாமல் எட்டாகவும் கிழித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

வெளியே படியில் அம்மா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள். சுற்றி ஊரே நின்று பார்த்தது, தாயும் மகளும் என்ன பேசுவார்கள் என்று.

"சொன்ன மாதிரியே தூக்கிட்டியேம்மா கையை," என்றாள் கலினா.

"தூக்கினேன். தோத்தேன்." க்ராஜினா கடைசிப் பொத்தானைப் போட்டாள். "பதினாறு கட்டில் போட்டு வெச்சிருக்கேன், நான் பயப்படாம யார் பயப்படுவா? உன்னைத் தூக்கிவிட்டு ஜெயிக்கவெச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. நீயாத்தான் ஜெயிச்சே. என்னையும் சேத்து ஜெயிச்சே." சுற்றி நின்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "தெருவுக்கொரு பெட்டின்னு முடிவாயிடுச்சுல்ல? எங்க தெருப் பெட்டி என் கூரைமேல. நாளைக்கே. என் புகையைப் பத்தி ஊர் சொல்லி நான் கேக்கிறதைவிட, என் மக சொல்லிக் கேட்டுக்கிறேன்."